‘ஆஸ்கிங் ஃபார் எ ஃப்ரெண்ட்’ என்று போட்டால் வழக்கு வராதா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் தருகிறேன்.

தெருவில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் இவரிடம்தான் வருகிறார்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று, பேத்தியை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, எல்லாம்தான். இவர் அதைத் தன் பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுப் பதில் வாங்கிக் கொடுப்பார். கேட்டவர் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் மேலே ‘ஆஸ்கிங் ஃபார் எ ஃப்ரெண்ட்’, அதாவது ‘ஒரு தோழிக்காகக் கேட்கிறேன்’, என்று ஒரு வரி. அது போதும் என்று நினைத்திருந்தார்.

போன மாதம் அடுத்த வீட்டு ஆச்சி ஒரு கேள்வியோடு வந்தார். ஆச்சிக்கு 1987-இல் கல்யாணம். ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, 1998-இல் காலமாகிவிட்டார், ஆத்தாவும் (அம்மா) இப்போது இல்லை. அண்ணன்கள் இருவரும் சென்னையில். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும் திறக்கிற பூர்வீக வீட்டை இப்போது விலை பேசுகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. “எனக்கு இதுல எதுவும் உண்டாம்மா? யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லு” என்றாராம் ஆச்சி. டீச்சர் குழுவில் எழுதியது இது:

“ஆஸ்கிங் ஃபார் எ ஃப்ரெண்ட். 87-ல் கல்யாணம் ஆனவர். சீர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. அப்பா வீட்டில் பங்கு உண்டா? மூன்று கட்டு வீடு, முகப்பு மேல் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் சிப்பாய் பொம்மை இருக்கும், அவ்வளவு அழகான வீடு. தங்கச்சிக்குத் தெரியாமல் அண்ணன்கள் தேக்குத் தூண்களைத் தனியாக விற்கப் பார்க்கிறார்கள்.”

அன்று சாயங்காலமே அந்தச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் சென்னையில் மூத்த அண்ணன் கைக்குப் போய்விட்டது. “என்னைத் திருடன்னு ஊர் பூரா எழுதியிருக்கே, மானநஷ்ட வழக்குப் போடுவேன்” என்று போன். ஆச்சியிடம் கேட்டால், “நான் யாரையும் எழுதச் சொல்லலையே” என்கிறார், அதோடு பேச்சும் நின்றுவிட்டது. குழுவில் ஒருவர் ‘1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு கிடையாது’ என்று பதில் போட, அதுவே தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு டீச்சரின் சொந்தத் தம்பியும் கூப்பிட்டு, “பங்கு வேணும்னா நேராக் கேளுக்கா, ஃப்ரெண்டு கிரெண்டுன்னு எதுக்கு?” என்றிருக்கிறார்.

கேள்விகள் நான்கு. வழக்குப் போட முடியுமா? அந்த ஆங்கில வரி தனக்குப் பாதுகாப்பு இல்லையா? ஆச்சிக்குப் பங்கு உண்டா? கடைசியாக, ‘பொதுவாகத் தெரிந்துகொள்ள’ என்ற குறிப்போடு, 2001-இல் கல்யாணமான, அப்பா உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் நிலை என்ன?

டீச்சர், முதலில் உங்கள் தம்பி ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த வரியை வெள்ளை மனதோடு போடுகிறீர்கள். ஆனால் இன்று போனில் அதைப் பார்க்கிறவர்கள் யாரும் நேர்ப்பொருளில் படிப்பதில்லை. சொந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க இளசுகள் வைத்துக்கொண்ட வேடிக்கை அது. அதைப் பார்த்ததும் படிக்கிறவர் மனதில் தோழி வரமாட்டார், எழுதியவர்தான் வருவார். ஆக, தோழியை மறைக்கும் என்று நம்பிப் போட்ட வரி உங்களையும் சந்தேகத்தில் நிறுத்திவிட்டது, அடியில் இருந்த விவரங்கள் ஆச்சியையும் காட்டிக்கொடுத்துவிட்டன. கஜலட்சுமி நம் பக்கத்தில் எத்தனையோ முகப்பில் இருக்கிறாள். இரண்டு பக்கமும் சிப்பாய், மூன்று கட்டு, 87-இல் கல்யாணம், அண்ணன்கள் என்று சேர்த்துச் சொன்னால், செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு வீட்டுக் கதவிலக்கமே தேவையில்லை.

வழக்கு வருமா?

பெயர் போடாததால் அவதூறு ஆகாது என்று நினைக்கிறீர்கள். அது சரியில்லை. இன்னாரைத்தான் சொல்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்தாலே போதும். கேள்விக்குறி போட்டு எழுதினால் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. இன்னொருவருக்காகக் கேட்டேன் என்பதும் தானாகவே கவசம் ஆகாது, எழுதி அனுப்பிய கை உங்களுடையது.

இவ்வளவையும் சொன்னது பயமுறுத்த அல்ல. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுதான் இப்போது அவதூறுக்கு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை என்று தண்டனை சொல்கிறது. உங்கள் செய்தியில் சிக்கலான இடம் ஒன்றுதான்: ‘தங்கச்சிக்குத் தெரியாமல் விற்கப் பார்க்கிறார்கள்’. மற்றதெல்லாம் சட்டக் கேள்வி, யாருடைய மானத்துக்கும் அதனால் சேதம் இல்லை. அந்த ஒரு வரிக்கும், இன்னொருவர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது என்ற விதிவிலக்கைச் சொல்லி வாதாட இடமிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு கேள்வி வரும்: ‘நல்லெண்ணம் சரி, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்தக் குழுவில் யாருக்கு இருந்தது?’ உங்கள் வாதத்தில் இளைத்த இடம் அதுதான்.

நடைமுறையில், போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் இல்லை இது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி, அதைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும். ஆகவே யாராவது ‘ஸ்டேஷனுக்கு வா’ என்று மிரட்டினால் பதறிப்போய் ஓடாதீர்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். என் அனுபவத்தில், இப்படிப் போனில் வந்த வேகம் பெரும்பாலும் வக்கீல் பீஸ் கேட்ட இடத்தில் தணிந்துவிடும். நோட்டீஸே வந்துவிட்டால் நீங்களாகப் பதில் எழுதாதீர்கள், வக்கீல் மூலம் எழுதுங்கள்.

இப்போதைக்கு, நீங்கள் போட்ட செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரை தேதியோடு சேமித்து வையுங்கள். அண்ணன் கையில் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில் மேலும் கீழும் வெட்டியிருக்கலாம், முழுச் செய்தி உங்களிடம் இருப்பது நல்லது. அதன் பிறகு அழிக்க முடிந்தால் அழித்துவிடுங்கள். குழுவில் விளக்கம் கொடுக்கவே வேண்டாம். ‘நான் எழுதியது இன்னார் வீட்டைப் பற்றி இல்லை’ என்று ஒரு வரி போட்டீர்களானால், அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ஆச்சி சொன்னது ரகசியமா?

இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதை, அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியே சொல்ல முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு அதற்குக் காவல். கட்சிக்காரரின் சார்பாக இன்னொருவர் வந்து சொன்னாலும் அந்தக் காவல் உண்டு. ஆச்சி உங்களை வக்கீலான என்னிடம் அனுப்பியிருந்தால், நீங்கள் எனக்குச் சொன்னது என்னோடு நின்றிருக்கும்.

ஆனால் ஆச்சி உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்களிடம் சொன்னதற்கு எந்தக் காவலும் இல்லை. நாளைக்கே பாகப்பிரிவினை வழக்கு வந்து, எதிர்த்தரப்பு உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால், ‘தோழி ரகசியமாகச் சொன்னார், சொல்ல மாட்டேன்’ என்று கூண்டில் நின்று சொல்ல முடியாது. குழுச் செய்திக்கும் அதே கதிதான். அண்ணன்கள் பக்கத்துக்கு நீங்கள் ஏற்கெனவே மூன்று விஷயம் கொடுத்துவிட்டீர்கள்: தங்கைக்கு விற்பனைப் பேச்சு தெரிந்துவிட்டது, சீர் முழுதும் வாங்கியதை அவர் ஒத்துக்கொள்கிறார், பங்கு உண்டா என்பதில் அவருக்கே சந்தேகம். கிரயத்தை அவசர அவசரமாக முடிக்க நினைக்கிறவருக்கு இது போதும். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, டீச்சர்.

அப்படியானால் பங்கு உண்டா?

குழுவில் வந்த பதில் பாதி சரி, அதனால்தான் அது ஆபத்து. தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. குழுவில் பதில் போட்டவர் படித்தது அதோடு நின்றிருக்கும். 2005 செப்டம்பர் 9-இல் மத்திய அரசின் திருத்தம் வந்தது, அதில் கல்யாணத் தேதி ஒரு பொருட்டே இல்லை. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருஷம் நீடித்து, வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் ‘வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது’ என்று முடித்துவைத்தது. ஆகவே 1998-இல் அப்பச்சி போய்விட்டார் என்பது ஆச்சிக்குத் தடை இல்லை.

இது பூர்வீகச் சொத்து என்றால். தாத்தா ரங்கூனில் சம்பாதித்துக் கட்டி, 1956 ஜூன் 17-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பச்சிக்கு வந்தது அவருடைய தனிச்சொத்தாகவே கருதப்படும். அவரும் உயில் எழுதாமல் போயிருந்தால் பிள்ளைகள் மூவருக்கும் சமம். இரண்டு வழியில் கணக்குப் போட்டாலும் அந்த வீட்டில் அப்பச்சிக்கு இருந்த பாகத்தில் ஆச்சிக்கு மூன்றில் ஒன்று. திருத்தமே வராத பழைய பூர்வீகக் கணக்கைப் போட்டால்கூட ஒன்பதில் ஒன்று வரும். ‘எதுவுமே கிடையாது’ என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. அப்பச்சியோ ஆத்தாவோ உயில் எழுதியிருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

அப்பச்சியின் ‘பாகத்தில்’ என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பங்காளிகள் எத்தனை பேர் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே சில சமயம் தெரியாது. மொத்த வீட்டுக்கும் இரண்டு அண்ணன்கள் மட்டும் கையெழுத்துப் போட முடிகிறதா என்பதே தனிக் கேள்வி.

சீர் வாங்கியதால் பங்கு போய்விட்டது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. வெள்ளிப் பாத்திரமும் வைரத்தோடும் எவர்சில்வர் அடுக்கும் எத்தனை வரிசை வந்திருந்தாலும், சீர் சீர்தான், பாகம் பாகம்தான். ஆனால் உயிலைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் ஆச்சியின் கணக்கை மாற்றிவிடும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால், அதைப் பிரித்துப் பார்க்க 2005 சட்டம் இடம் தரவில்லை. வீட்டுக்குள் பேசி முடித்துக்கொண்டோம் என்று வாயால் சொல்வதை நீதிமன்றம் லேசில் ஏற்காது. இன்னொன்று, அப்பச்சி காலமான பிறகு ஆச்சி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவும் ஆகியிருந்தால், அது பெரும்பாலும் நிற்கும். ‘சும்மா ஒரு கையெழுத்து, பேங்குக்கு வேணும்’ என்று வாங்கிப்போனதை மறந்தே போயிருப்பார்கள், அதையும் நினைவுபடுத்திக் கேட்க வேண்டும்.

பார்த்தீர்களா, தாத்தா இறந்த தேதி, பதிவான பத்திரம், போட்ட கையெழுத்து, உயில். இவை இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. இவை நான்கும் குழுவில் போடக்கூடாதவை. நீங்கள் போட்ட பொம்மையும் தூணும் பதிலுக்கு ஒரு பைசா உதவாதவை.

ஆச்சி இப்போது என்ன செய்யலாம்

அண்ணன்களோடு பேசிப் பார்ப்பதுதான் முதல் வழி, படைப்புக்கு ஒன்றாக உட்காருகிறவர்கள் ஆயிற்றே. ஆனால் தூணுக்கும் கதவுக்கும் ஆள் வந்து விலை பேசுகிறார் என்பது உண்மையானால் பேச்சோடு நின்றுவிடக் கூடாது. நிலத்தில் இருக்கும் பங்கு ஓடிப்போகாது. ஆச்சி கையெழுத்தில்லாமல் விற்றால் அவர் பங்கு வாங்கியவருக்குப் போகாது, வழக்காடி எடுக்கலாம். ஆனால் ஒரு பர்மாத் தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய் அங்கிருந்து எந்த ஊர் ஓட்டலுக்குப் போனது என்று யார் தேடுவது? அதற்குத்தான் வக்கீல் நோட்டீஸும், தேவைப்பட்டால் பாகப்பிரிவினை வழக்கோடு தடையாணை மனுவும். வழக்கு, வீடு இருக்கிற எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘உனக்குப் பங்கு இல்லை’ என்று அண்ணன்கள் விலக்கிவைத்தது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு காலவரம்பும் ஓடும். அவசரம் இல்லை, ஆனால் மறந்துவிடக் கூடாது.

பணத்துக்குத் தயங்கினால், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள். இதற்குத் தோழி யாரும் நடுவில் தேவையில்லை. சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், யாருக்கும் தகவல் போகாது. பழைய வருஷங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். குழுவில் கேட்ட அந்த நாளில் நீங்கள் ஆச்சிக்கு இதை எடுத்துக் கொடுத்திருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்திருக்கும்.

அந்த நாலாவது கேள்வி

2001-இல் கல்யாணமானவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் 1989 திருத்தத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார். பூர்வீகச் சொத்து என்றால் அப்பா இருக்கும்போதே பாகம் கேட்கலாம். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்றால், அவர் இருக்கும்வரை மகளுக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைப்பார். சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக அப்பாவை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டுமா என்பது வேறு கணக்கு, அதை அந்தப் பெண்தான் போட வேண்டும். தம்பி நேராகவே கேட்கச் சொன்னது கோபத்தில் என்றாலும், பேச்சைத் தொடங்க அது ஒரு வாசல்.

இனி யாராவது கேட்டுச் சொல்லச் சொன்னால்

நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் எத்தனை பெண்கள் ஒரு ஆபீஸ் படியேற இன்னமும் ஆள் தேடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். ரேஷன் கார்டு, கல்லூரி எல்லாவற்றையும் தாராளமாகக் கேளுங்கள். சொத்து, உடம்பு, கல்யாணம், போலீஸ் இந்த நாலும் என்றால் குழு வேண்டாம். கேட்கச் சொன்னவரிடம், ‘யாரிடம் கேட்கப் போகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘யாருகிட்டயாவது கேளு’ என்று ஆச்சி சொன்னபோது, அவர் மனதில் இருந்தது ஒரு வக்கீலோ, விவரம் தெரிந்த ஒருவரோ. எழுதித்தான் கேட்க வேண்டும் என்றால் அனுப்பும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சிப்பாய் பொம்மை வந்த வரியில் ஆச்சியே உங்களை நிறுத்தியிருப்பார்.

ஆச்சியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், நீளமாக வேண்டாம். 1989 என்று குழுவில் வந்த பதில் முழுப் பதில் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், அதுவே அவரைத் திரும்ப உங்களோடு பேசவைக்கும் என்று நினைக்கிறேன். அவர் விரும்பினால் ஒரு வக்கீலிடமோ சட்ட உதவி மையத்துக்கோ கூட்டிப்போங்கள். அப்பச்சியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, பெட்டகத்தில் பழைய பத்திர நகல் எதுவும் கிடந்தால் அது, வில்லங்கச் சான்று, இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். பையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கேள்வியை ஆச்சியே கேட்கட்டும்.